பக்கம் மறைந்தது, டேட்டா போய்விட்டது: லாகின் சோதனை எங்கே இருக்க வேண்டும்?

சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பியைக் கற்றுக்கொள்ளும் எவரும் முதல் மாதத்திலேயே எழுதிவிடும் நான்கு வரி உண்டு. செஷனை (யார் லாகின் ஆனார் என்ற சர்வரின் குறிப்பை) தொடங்கு, அதில் பயனர் எண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் ‘லொகேஷன்’ ஹெடரில் லாகின் பக்கத்தின் முகவரியைப் போட்டு அனுப்பு, இருந்தால் கீழே உள்ள ரசீதுப் பக்கத்தைக் காட்டு. பிரவுசரில் சோதித்தால் கச்சிதமாக வேலை செய்யும். லாகின் செய்யாமல் போனால் லாகின் பக்கம் வந்து நிற்கும். ஆனால் ஹெடர் அனுப்பிய வரிக்கு அடுத்து ‘எக்ஸிட்’ என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தால் பிஎச்பி அங்கே நிற்காது. கீழே உள்ள கோட் முழுவதையும் ஓட்டும். டேட்டாபேஸிலிருந்து ரசீதுகளை எடுக்கும், எச்டிஎம்எல் அட்டவணையாக்கும், 302 (‘வேறு முகவரிக்குப் போ’) பதிலின் உடலாக அனுப்பியும் விடும். 302-ஐக் கண்டதும் பிரவுசர் உடலைப் புரட்டிப் பார்க்காமல் லாகின் பக்கத்துக்குத் தாவிவிடுவதால் நம் கண்ணில் எதுவும் படுவதில்லை. அதே முகவரியை, பிரவுசர் இல்லாமல் கோரிக்கை அனுப்பும் ‘கர்ல்’ கட்டளையில் கேட்டுப் பாருங்கள், ரசீது முழுவதும் டெர்மினலில் வந்து கொட்டும்.

இந்தக் கோளாறுக்கு எண்ணே இருக்கிறது: மென்பொருள் பலவீனங்களின் பொதுப் பட்டியலான சிடபிள்யூஇ-யில் 698, ‘ரீடைரக்டுக்குப் பின்னும் ஓடுதல்’. படிக்கும் பக்கமென்றால் தகவல் கசியும். ‘இந்த ரசீதை நீக்கு’ என்ற பக்கமென்றால் நிலைமை இன்னும் மோசம். யாரோ ஒருவர் கேட்டவுடன் ரசீது நீங்கியும் போகும், அவர் லாகின் பக்கத்துக்கும் அனுப்பப்படுவார். வேர்ட்பிரஸின் ரீடைரக்ட் ஃபங்ஷனும் இப்படித்தான்: தானாக நிற்காது, அடுத்த வரியில் ‘எக்ஸிட்’ எழுதுவது நம் பொறுப்பு. அதிலேயே ‘ஆத் ரீடைரக்ட்’ என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. சோதனை, ரீடைரக்ட், நிறுத்தம் மூன்றையும் அது சேர்த்துச் செய்துவிடும்.

பிரவுசர் என்ன காட்டுகிறது என்பது வேறு, சர்வர் என்ன கொடுத்தது என்பது வேறு. லாகின் நிலையைப் பார்த்துப் பக்கத்தைத் தடுக்கும் வேலையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் தொடங்குகிறது. ‘பக்கம்’ என்பது பயனருக்கு இருக்கும் ஒரு கருத்து. சர்வருக்கு அப்படி ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கோரிக்கைகள். ஒரே ரசீது எச்டிஎம்எல் பக்கமாகவும், ஜேசன் பதிலாகவும், பிடிஎஃப் கோப்பாகவும், தேடல் முடிவில் ஒரு வரியாகவும் வெளியே போகலாம். நான்கில் ஒன்றை மூடினால் மூன்று திறந்தே இருக்கும்.

லாகின் ஆகியிருக்கிறார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்

எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தெரியாத ஆள் வந்து கேட்பது போலத்தான். இதற்கு மாற்றாக 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி கொண்டுவந்ததுதான் குக்கீ. இன்று வழக்கமான ஏற்பாடு இது: லாகின் வெற்றியடைந்ததும் சர்வர் யூகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை உருவாக்கித் தன்னிடம் ‘இந்த எண் = பயனர் 57’ என்று எழுதி வைத்துக்கொள்கிறது, அந்த எண்ணைக் குக்கீயாகப் பிரவுசரிடம் கொடுக்கிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் பிரவுசர் அந்தக் குக்கீயைத் தானாகவே சேர்த்து அனுப்பும்.

எனவே ‘லாகின் ஆகியிருக்கிறாரா?’ என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. குக்கீ வந்திருக்கிறதா? அந்த எண்ணுக்கு உயிரோடு ஒரு செஷன் இருக்கிறதா? அந்த செஷனுக்குரிய பயனர் இன்னும் செயலில் உள்ள பயனர்தானா? முதல் கேள்வியோடு நின்றுவிடும் கோட் ஏராளம். ‘குக்கீ இருக்கிறது, உள்ளே விடு’ என்று எழுதினால், பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அதே பெயரில் எதையாவது தட்டி ஒரு குக்கீ உருவாக்கும் எவரும் உள்ளே வந்துவிடுவார். மூன்றாவது கேள்வியை மறந்தால், காலையில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் மாலை வரை உள்ளேயே இருப்பார். பைத்தான் மொழியின் ஃப்ரேம்வொர்க்கான (தளம் கட்ட உதவும் ஆயத்தக் கோட்) டிஜாங்கோ இந்த மூன்றாவது வேலையைத் தானே செய்கிறது: பயனர் கணக்கை முடக்கினால் அடுத்த கோரிக்கையிலேயே அவர் வெளியே, பாஸ்வேர்ட் மாறினால் மற்றக் கருவிகளில் திறந்திருந்த செஷன்களும் செல்லாமல் போகும். நாமே எழுதிய செஷன் ஏற்பாட்டில் இது தானாக வராது.

செஷன் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதில் ஃப்ரேம்வொர்க்குகள் எதிரெதிர் துருவங்களில் நிற்கின்றன. டிஜாங்கோவின் இயல்பு மதிப்பு 12,09,600 நொடிகள், அதாவது 2 வாரம். லாராவெல் 120 நிமிடம். பிஎச்பியின் சொந்த செஷனுக்கு 1,440 நொடிகள், அதாவது 24 நிமிடம். இந்த பிஎச்பி எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘24 நிமிடத்தில் லாகின் முடிந்துவிடும்’ என்று அது சொல்லவில்லை. அதைவிடப் பழைய செஷன் கோப்புகளைக் குப்பையாகக் கருதலாம் என்றுதான் சொல்கிறது. குப்பை எப்போது அள்ளப்படும் என்பது வேறு கணக்கு. ஆள் நடமாட்டம் குறைந்த தளத்தில் ஒரு மணி நேரம் கழித்தும் செஷன் உயிரோடிருக்கலாம். மாறாக, ஒரே சர்வரில் இரண்டு அப்ளிகேஷன்கள் ஒரே செஷன் கோப்புறையைப் பயன்படுத்தினால், குறைந்த மதிப்பு வைத்திருக்கும் அப்ளிகேஷன் மற்றதன் செஷன்களையும் அள்ளிவிடும். ‘சில நேரம் காரணமில்லாமல் லாகவுட் ஆகிறது’ என்ற புகாருக்குப் பின்னால் இது இருப்பதுண்டு. கறாரான நேர வரம்பு வேண்டுமென்றால் கடைசியாகச் செயல்பட்ட நேரத்தை செஷனுக்குள்ளேயே எழுதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஒப்பிட வேண்டும்.

லாகின் வெற்றியடைந்த கணத்தில் செஷன் எண்ணை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால், தான் அறிந்த ஓர் எண்ணை முன்கூட்டியே ஒருவர் பிரவுசரில் ஒட்டிவைத்துவிட்டு, அந்தப் பயனர் லாகின் செய்யும்வரை காத்திருந்து, அதே எண்ணோடு தானும் உள்ளே வந்துவிடலாம். குக்கீக்கு ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போகும்), ‘எச்டிடிபி ஒன்லி’ (ஜாவாஸ்கிரிப்டால் படிக்க முடியாது) இரண்டும் கட்டாயம். வேறு தளத்திலிருந்து தொடங்கும் கோரிக்கையில் குக்கீ போகலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வைத்தால் பாதுகாப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் வெப்மெயிலில் வந்த ரசீது லிங்க்கைத் தொட்டு வருபவரின் முதல் கோரிக்கையில் குக்கீ வராது. லாகின் ஆகியிருப்பவரே லாகின் பக்கத்தைப் பார்ப்பார், குழம்புவார், தளத்துக்குள் வேறொரு லிங்க்கைத் தொட்டால் சரியாகிவிடும், இன்னும் குழம்புவார். பெரும்பாலான தளங்களுக்கு அதைவிடத் தளர்வான ‘லாக்ஸ்’ போதும்.

லாகின் அடையாளமான டோக்கனைக் குக்கீயில் வைக்காமல் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகவரிப் பட்டையில் ஒரு முகவரியைத் தட்டும்போது பிரவுசர் குக்கீயை அனுப்பும், லோக்கல் ஸ்டோரேஜில் உள்ளதை அனுப்பாது. ஆகவே சர்வர் தரும் பக்கத்தை அந்த டோக்கனை வைத்துத் தடுக்கவே முடியாது. தடுப்பு முழுவதும், ஸ்கிரிப்ட் கேட்டால் டேட்டா தரும் ஏபிஐ பக்கம்தான் இருக்க முடியும்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுவதா, ஓரிடத்தில் எழுதுவதா

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சோதனை எழுதும் முறைக்கு ஒரே எதிரி மறதி. முப்பது பக்கத்தில் சரியாக எழுதியவர் முப்பத்தொன்றாவதில் மறப்பார், மறந்தது தெரியாது. ஏனென்றால் அவர் எப்போதும் லாகின் செய்த நிலையிலேயே சோதிக்கிறார். மறந்தால் மூடியிருக்க வேண்டும், திறந்திருக்கக் கூடாது. ‘எல்லாமே லாகின் செய்தவருக்குத்தான், பொதுவில் வைக்க வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி விலக்கு’ என்று புரட்டிப் போட்டால் மறதியின் விளைவு மாறிவிடும். பொதுப் பக்கம் ஒன்று மூடிக்கிடந்தால் அன்றே யாராவது போன் செய்வார்கள். ரகசியப் பக்கம் ஒன்று திறந்துகிடந்தால் யாரும் போன் செய்வதில்லை.

ஃப்ரேம்வொர்க்குகளும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. டிஜாங்கோவில் பல ஆண்டுகளாக ஒவ்வொரு வியூவுக்கும் (பக்கத்தைத் தரும் ஃபங்ஷன்) தலையில் ‘லாகின் ரெக்வயர்ட்’ டெக்கரேட்டர் (ஃபங்ஷனைச் சுற்றி இன்னொரு வேலையைச் சேர்க்கும் குறிப்பு) போடும் வழக்கம் இருந்தது; 2024 ஆகஸ்டில் வந்த 5.1 பதிப்பில் எல்லா வியூவையும் மூடும் மிடில்வேரும் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் ஓடும் கோட்), விலக்கு வேண்டிய வியூவுக்கு ‘லாகின் நாட் ரெக்வயர்ட்’ டெக்கரேட்டரும் சேர்க்கப்பட்டன. ரெயில்ஸ் 8 உருவாக்கித் தரும் லாகின் கோட்டும் எல்லா கன்ட்ரோலரையும் மூடிவிட்டு, திறக்க வேண்டியதைச் சொல்லச் சொல்கிறது. ஏஎஸ்பி டாட் நெட் கோரில் ‘ஃபால்பேக் பாலிசி’, ஸ்பிரிங் செக்யூரிட்டியில் விதிகளின் கடைசியில் ‘மற்ற எல்லாக் கோரிக்கையும் லாகினோடு’ என்ற வரி, இரண்டும் இதே காரியம்.

டெக்கரேட்டர் முறையிலேயே தொடர்பவர்களுக்கு இரண்டு பொறிகள். பைத்தானின் இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஃப்ளாஸ்கில், முகவரியை ஃபங்ஷனோடு இணைக்கும் ரூட் டெக்கரேட்டர் மேலேயும் லாகின் டெக்கரேட்டர் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிழை எதுவும் வராது, பக்கமும் நன்றாகத் திறக்கும், எல்லோருக்கும் திறக்கும். டெக்கரேட்டர்கள் கீழிருந்து மேலாகப் பொருந்துவதால், ரூட் அட்டவணையில் பதிவானது லாகின் சோதனை சுற்றப்படாத மூல ஃபங்ஷன். டிஜாங்கோவின் கிளாஸ் வியூவில் லாகின் சோதனையைச் சேர்க்கும் ‘மிக்ஸின்’ கிளாஸ் பெற்றோர் பட்டியலில் இடது ஓரத்தில் நிற்க வேண்டும். வியூ கிளாஸுக்கு வலப்பக்கம் போனால் அதன் சோதனைக்கு முறையே வராது. ஏஎஸ்பி டாட் நெட் கோரிலும் இப்படி வரிசைச் சிக்கல் உண்டு: யாரென்று அறியும் மிடில்வேர், அனுமதி பார்க்கும் மிடில்வேருக்கு முன்னால் வர வேண்டும்.

வேர்ட்பிரஸில் இன்னொரு வகைக் குழி. ‘இஸ் அட்மின்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து ‘இவர் நிர்வாகியா’ என்று கேட்பதாக நினைத்து எழுதப்பட்ட பிளகின்கள் பல. அது கேட்பது ‘இந்தக் கோரிக்கை நிர்வாகப் பகுதி முகவரிக்கு வந்ததா’ என்று மட்டும்தான். நிர்வாகப் பகுதியில் ஸ்கிரிப்டுகள் கேட்கும் அஜாக்ஸ் முகவரி லாகின் இல்லாதவருக்கும் திறந்தது. அங்கே கேட்டாலும் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். அனுமதி பார்க்க வேண்டுமென்றால் பயனரின் தகுதியைக் கேட்கும் ‘கரன்ட் யூசர் கேன்’ ஃபங்ஷன்தான் கேட்க வேண்டிய இடம். அதே போல, அஜாக்ஸ் கோரிக்கைக்கு நம் ஃபங்ஷனை இணைக்கும் ஹூக்கோடு, பெயரில் ‘நோபிரிவ்’ என்ற துண்டு உள்ள ஹூக்கையும் சேர்த்தால் லாகின் இல்லாதவருக்கும் அது ஓடும். லாகின் செய்யாமல் சோதிக்கும்போது வேலை செய்யவில்லையே என்று அதைச் சேர்த்துவிட்டு, பிறகு எடுக்க மறப்பது வழக்கமான கதை.

ஒரே வாசலை நம்பினால்: 2025 மார்ச்

எல்லாவற்றையும் ஓரிடத்தில் தடுப்பது நல்லது என்று சொன்னேன். அங்கே மட்டும் தடுத்தால் போதும் என்று சொல்லவில்லை. அதற்குச் சான்று ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் கிடைத்தது.

நெக்ஸ்ட் ஜேஎஸ் அப்ளிகேஷன்கள் பலவற்றில் லாகின் சோதனை மிடில்வேர் கோப்பு ஒன்றில் மட்டும் இருந்தது. மிடில்வேர் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொள்ளாதிருக்க, உள்ளுக்குள் போகும் கோரிக்கைகளில் ‘எக்ஸ்-மிடில்வேர்-சப்ரெக்வெஸ்ட்’ என்ற ஹெடரை ஃப்ரேம்வொர்க் வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஹெடர் குறிப்பிட்ட மதிப்போடு வந்தால் ‘ஏற்கெனவே ஓடியாயிற்று’ என்று மிடில்வேரை ஓட்டாமல் கோரிக்கை நேரே பக்கத்துக்குப் போகும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையிலும் அந்த ஹெடரை எவரும் எழுதி அனுப்பலாம் என்பதை யாரும் தடுத்திருக்கவில்லை. பிந்தைய பதிப்புகளில் ‘மிடில்வேர்’ என்ற சொல்லை முக்காற்புள்ளியிட்டு ஐந்து முறை எழுதினால் போதும், லாகின் சோதனை நடக்கவே நடக்காது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-29927 என்ற எண்ணில் 2025 மார்ச்சில் இது வெளியானது. தீவிரம் 10-க்கு 9.1. திருத்தம் 15.2.3, 14.2.25 பதிப்புகளில் வந்தது, பழைய கிளைகளுக்கு 13.5.9, 12.3.5. பாதிக்கப்பட்டவர்கள் சொந்த சர்வரில் ஓட்டியவர்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸை உருவாக்கிய வெர்செல் நிறுவனத்தின் தளத்தில் ஓடியவை தப்பின. உடனே பதிப்பு மாற்ற முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட வழி, அந்த ஹெடரோடு வரும் கோரிக்கையை முன்னால் நிற்கும் இடைச் சர்வரான பிராக்ஸியிலேயே தடுத்துவிடுவது.

இங்கே கவனிக்க வேண்டியது ஃப்ரேம்வொர்க்கின் ஓட்டையை மட்டுமில்லை. அதே பதிப்பை ஓட்டியும், ரசீதை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் ஃபங்ஷனுக்குள் ‘யார் கேட்பது’ என்று மறுபடி பார்த்திருந்த அப்ளிகேஷன்களில் இந்த ஹெடரால் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. மிடில்வேரைத் தாண்டி வந்தவருக்குப் பக்கத்தின் சட்டகம் தெரியும், அதில் போட ரசீது இருக்காது. முன்வாசல் சோதனை பயனரை அலைக்கழிக்காமல் லாகின் பக்கத்துக்கு அனுப்பும் வசதிக்கு. காவல் டேட்டாவின் பக்கத்தில் நிற்க வேண்டும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் லேஅவுட்டில் (பல பக்கங்களுக்குப் பொதுவான சட்டகம்) சோதனை வைத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: பக்கத்துக்குப் பக்கம் தாவும்போது லேஅவுட் மறுபடி ஓடுவதில்லை.

ரியாக்ட், வியூ ஜேஎஸ் போன்ற, பிரவுசரில் ஓடும் கருவிகளில் ரூட்டைச் சுற்றிக் கட்டும் ‘பாதுகாக்கப்பட்ட ரூட்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது திரைச்சீலை. ஜாவாஸ்கிரிப்ட் பண்டில் கேட்பவர் எவருக்கும் கிடைக்கும். அதற்குள் எழுதிய எந்த வாசகமும் பொதுவானதே. டேட்டா ஏபிஐயிலிருந்து வர வேண்டும், ஏபிஐ குக்கீயைப் பார்க்க வேண்டும். லாகின் நிலை தெரியும் முன் பக்கம் ஒரு நொடி மின்னி மறைவதைத் தவிர்க்க, ‘தெரியாது’, ‘உண்டு’, ‘இல்லை’ என்று மூன்று நிலை வைத்துக்கொள்ளுங்கள். உண்டு-இல்லை என்று இரண்டு மட்டும் வைத்தால் லாகின் ஆனவரும் ஒவ்வொரு ரீஃப்ரெஷிலும் லாகின் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

என்ன பதில் சொல்வது

மனிதர் பிரவுசரில் கேட்டால் லாகின் பக்கத்துக்கு 302. கோட் கேட்டால் 401. இந்த இரண்டையும் கலப்பதில் வரும் ஒரு பிழைச் செய்தி எல்லோருக்கும் பழக்கமானது: ஜேசனை எதிர்பார்த்த இடத்தில் ‘<’ என்ற எதிர்பாராத குறி. நடப்பது இதுதான். செஷன் காலாவதியாகிவிட்டது, பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் ஏபிஐயைக் கேட்கிறது, சர்வர் 302 கொடுக்கிறது, ‘ஃபெட்ச்’ சொல்லாமல் கொள்ளாமல் லாகின் பக்கத்துக்குப் போய் அதன் எச்டிஎம்எல்லை 200 என்ற வெற்றிக் குறியோடு கொண்டுவருகிறது, ஜேசன் படிக்கப்போன கோட் முதல் எழுத்திலேயே தடுக்கி விழுகிறது. ஏபிஐ ரூட்டுகளுக்கு ரீடைரக்டை அணைத்துவிட்டு 401 தந்தால், ஸ்கிரிப்டும் ‘உங்கள் லாகின் முடிந்துவிட்டது’ என்று சொல்ல வழி கிடைக்கும்.

401-க்கும் 403-க்கும் வேறுபாடு எச்டிடிபியின் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 9110-ல் தெளிவாக இருக்கிறது. யாரென்று தெரியவில்லை என்றால் 401. யாரென்று தெரியும், ஆனால் அனுமதி இல்லை என்றால் 403. லாகின் ஆனவருக்கு அனுமதி இல்லாத பக்கத்தில் மறுபடி லாகின் பக்கத்தைக் காட்டினால், ஏற்கெனவே லாகின் ஆனவரை அங்கிருந்து முகப்புக்கு விரட்டும் விதியோடு அது மோதும். இருக்கிறதா இல்லையா என்பதே ரகசியமென்றால் 404 சொல்லலாம். கிட்ஹப் அனுமதியில்லாத தனிப்பட்ட ரெப்போவுக்கு அப்படித்தான் சொல்கிறது.

‘அளவுக்கு மீறிய ரீடைரக்ட்’ என்று பிரவுசர் கைவிட்டால் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. லாகின் பக்கமே மூடிய பட்டியலில் இருக்கலாம். அல்லது எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும் ரீடைரக்டே சுற்றிக்கொண்டிருக்கலாம்: பிராக்ஸிக்குப் பின்னால் ஓடும் அப்ளிகேஷன் தன்னை வெறும் எச்டிடிபி என்று நினைத்துக்கொண்டிருக்கும், எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்லும், பிராக்ஸி மறுபடி எச்டிடிபியாக உள்ளே அனுப்பும், சுற்று தொடரும். வந்த கோரிக்கை எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ’ ஹெடரைப் பிராக்ஸி அனுப்புகிறதா, அப்ளிகேஷன் அதை நம்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

லாகின் முடிந்ததும் கேட்ட பக்கத்துக்கே திருப்பி அனுப்ப, முகவரியில் ‘நெக்ஸ்ட்’ என்று ஒரு மதிப்பு சேர்ப்பது வழக்கம். அதைச் சரிபார்க்காமல் பயன்படுத்தினால், நம் லாகின் பக்கமே போலித் தளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும். ‘/’ என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது; ‘//’ என்று தொடங்குவதை பிரவுசர் வேறொரு தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும், பின்சாய்வுக் கோட்டையும் முன்சாய்வாகவே படிக்கும். ஃப்ரேம்வொர்க்கில் இதற்கென்று உள்ள சரிபார்ப்பு ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுதாதீர்கள்.

லாகின் ஆனவர், ஆனால் வேறொருவர்

முகவரி ‘/ரசீது/4812’ என்று இருந்தால் 4813 என்று மாற்றிப் பார்க்க யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. 2019 மே மாதம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் தளத்தில் இப்படித்தான் சுமார் 88.5 கோடி ஆவணப் பதிவுகள் திறந்துகிடந்தது வெளியே வந்தது. ஒருவருக்கு அனுப்பிய லிங்க்கில் எண்ணை மாற்றினால் வேறொருவரின் வீட்டுக்கடன் ஆவணம் வந்தது, லாகின் கேட்கப்படவே இல்லை. 2011-ல் சிட்டி வங்கியில் நடந்தது ஒரு படி மேலே. அங்கே லாகின் இருந்தது, முறையாக லாகின் செய்தும் வந்தார்கள்; உள்ளே வந்த பிறகு முகவரியில் இருந்த கணக்கு அடையாளத்தை மாற்றி மாற்றி 3.6 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டை கணக்குகளின் விவரத்தை எடுத்தார்கள்.

திருத்தம் ஒரு வரிதான். ‘ரசீது 4812-ஐ எடு’ என்று டேட்டாபேஸைக் கேட்காமல், ‘பயனர் 57-க்குரிய ரசீதுகளில் 4812-ஐ எடு’ என்று கேட்பது. பயனர் எண் செஷனிலிருந்து வர வேண்டும், கோரிக்கையிலிருந்து வரக்கூடாது. இப்படி எழுதினால் லாகின் சோதனையும் கூடவே நடந்துவிடுகிறது: செஷன் இல்லாதவருக்குப் பயனர் எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில் அனுமதிக் கோளாறுகள் 2017-ல் ஐந்தாம் இடத்தில் இருந்து 2021-ல் முதலிடத்துக்கு வந்தன.

கோப்புகளும் கேஷும்

அப்லோட் செய்த கோப்புகள் பெரும்பாலும் அப்ளிகேஷனைத் தொடாமலே வெளியே போகின்றன. கோப்புறை வெப் சர்வரின் பொது இடத்துக்குள் இருந்தால் என்ஜின்எக்ஸ் நேரே எடுத்துக் கொடுத்துவிடும். நம் லாகின் சோதனைக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்ததே தெரியாது. வேர்ட்பிரஸில் பதிவைத் தனிப்பட்டது என்று மாற்றினாலும் அதோடு இணைத்த பிடிஎஃப் அப்லோட்ஸ் கோப்புறையில் முகவரி தெரிந்த எவருக்கும் திறக்கும். அதே வேர்ட்பிரஸில், வெளியிடப்பட்ட பதிவை தீம் மட்டத்தில் ‘டெம்ப்ளேட் ரீடைரக்ட்’ ஹூக் வைத்து மறைத்தால், 2016 இறுதியில் 4.7 பதிப்போடு வந்த ரெஸ்ட் ஏபிஐ அந்தப் பதிவின் முழு வாசகத்தையும் ஜேசனாகத் தந்துகொண்டிருக்கும். அந்த ஹூக் ரெஸ்ட் கோரிக்கைகளுக்கு ஓடுவதில்லை.

கோப்புக்குச் சரியான வழி: பொது இடத்துக்கு வெளியே வையுங்கள். கோரிக்கை அப்ளிகேஷனுக்கு வரட்டும். அது அனுமதி பார்த்துவிட்டு ‘எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட்’ ஹெடரில் உள் முகவரியை மட்டும் சொல்லட்டும். கோப்பை அனுப்பும் சுமையை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்த உள் முகவரிக்கு ‘இன்டர்னல்’ என்ற குறிப்பு இருந்தால் வெளியிலிருந்து நேரே கேட்பவருக்கு 404. அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பில் கையெழுத்திட்ட தற்காலிக லிங்க் தரலாம். அதிகபட்சம் 7 நாள் வரை அனுமதி உண்டு என்றாலும் ரசீது இறக்க 5 நிமிடம் போதும்.

ஒருமுறை தந்த பதிலைச் சேமித்து மறுபடி கொடுக்கும் கேஷ் பற்றி ஒரு நிகழ்வு போதும். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் லாகின் செய்தவர்கள் தங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் முன்பின் தெரியாதவரின் மின்னஞ்சலும் வாங்கிய பட்டியலும் வந்தன. தாக்குதல் நெரிசலைச் சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பு ஒன்று, லாகின் ஆனவர்களுக்கான பக்கங்களையும் சேமித்து அடுத்தவருக்குக் கொடுத்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக, கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. லாகின் சோதனையில் பிழை இல்லை. சோதனை வரைக்கும் கோரிக்கை வரவில்லை. லாகின் நிலையைப் பொறுத்து மாறும் எந்தப் பதிலிலும் ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்’ இருக்கட்டும். லாகவுட் செய்தபின் ‘பேக்’ பட்டனை அழுத்தினால் பழைய பக்கம் தெரியும் தொல்லையும் இதனால் பெரும்பாலும் போகும். பொதுக் கணினியில் அடுத்து உட்காருபவருக்கு அது தொல்லை இல்லை, வாய்ப்பு.

சோதிப்பது

பிரவுசரை மூடிவிட்டு கர்லை எடுங்கள். பெரிய ஐ (-I) விருப்பம் வேண்டாம். அது ‘ஹெட்’ கோரிக்கை அனுப்பும், உடல் வராது, தொடக்கத்தில் சொன்ன கசிவு தெரியாது. சிறிய ஐ (-i) போட்டால் ஹெடரும் உடலும் சேர்ந்து வரும். 302 பதிலின் உடல் காலியாகவோ சில நூறு பைட்டுகளாகவோ இருக்க வேண்டும். 20 கேபி வந்தால் நிறுத்தம் விடுபட்டிருக்கிறது.

இதைக் கையால் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால் தானியங்குச் சோதனை ஒன்று எழுதிவிடுவது நல்லது, நாற்பது வரிக்கு மேல் ஆகாது. அப்ளிகேஷனின் ரூட் பட்டியலைக் கோட் வழியே எடுங்கள். பெரும்பாலான ஃப்ரேம்வொர்க்குகள் தரும். ஒவ்வொன்றையும் குக்கீ இல்லாமல், ‘கெட்’ முறையிலும் ‘போஸ்ட்’ முறையிலும் கேளுங்கள். பதில் லாகின் பக்கத்துக்கு 302 ஆகவோ 401 ஆகவோ இல்லையென்றால், அந்த ரூட் ‘பொது’ என்று நீங்கள் கையால் எழுதிய பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையேல் சோதனை தோற்க வேண்டும். புதிதாக ரூட் சேர்ப்பவர் அந்தப் பட்டியலைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால், கோட் ரிவ்யூவில் அது கண்ணில் படும். ‘போஸ்ட்’ கோரிக்கையில் ஒரு ஏமாற்று உண்டு: 403 வந்தது, மூடியிருக்கிறது என்று நினைப்பீர்கள், அது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்தே வந்ததற்கான அடையாளம்) இல்லாததால் வந்த 403 ஆக இருக்கும், லாகின் சோதனையே அங்கே இல்லாமலிருக்கலாம். சோதனையின்போது சிஎஸ்ஆர்எஃப்பை அணைத்துவிடுங்கள். டிஜாங்கோவின் டெஸ்ட் கிளையண்ட் இயல்பாகவே அணைத்துத்தான் வைத்திருக்கிறது.

பிறகு இரண்டு பயனர்களை உருவாக்கி, ஒருவரின் குக்கீயோடு மற்றவரின் ரசீதைக் கேளுங்கள். 200 வரக் கூடாது.

கடைசியாக லாகவுட். லாகின் செய்து குக்கீயின் மதிப்பை ஒரு கோப்பில் பிரதியெடுத்து வையுங்கள். லாகவுட் பட்டனை அழுத்துங்கள். இப்போது பிரதியெடுத்த குக்கீயோடு ரசீதுப் பக்கத்தைக் கேளுங்கள். ரசீது வந்தால், அந்தப் பட்டன் பிரவுசரில் இருந்த குக்கீயை அழித்திருக்கிறது. சர்வரில் செஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது.